பிரசாதம் சாப்பாட்டில் சேராது

ஆஸ்பத்திரி கேஸ் எடுக்க ஆசைப்படும் இளம் வக்கீல்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வருகிறவர் நீட்டும் ஃபைலை உடனே வாங்காதீர்கள். வாங்கினால் அவர் பேச்சு நின்றுவிடும். இனி காகிதம் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். நீங்களும் ஒன்றும் புரியாத டாக்டர் கையெழுத்தைப் புருவத்தை நெரித்துக்கொண்டு புரட்டுவீர்கள். நம் பார் அசோசியேஷனில் அந்த நடிப்பில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பெயர் சொன்னால் அடிக்க வருவார்கள்.

என் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலையில் பாதி தெரியும். மீதிப் பாதியை ஒரு லாட்ஜ் மறைத்திருந்தது. பௌர்ணமி அன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், அன்று யாரும் வர வேண்டாம் என்று போர்டே எழுதி வைத்திருந்தேன். அன்றுதான் கூட்டம் ஜாஸ்தி வரும். கிரிவலமும் ஆச்சு, வக்கீலைப் பார்த்ததும் ஆச்சு என்று ஒரே டிக்கெட்டில் இரண்டு வேலையை முடிக்கிற சாமர்த்தியம் நம் ஜனங்களுக்கு. வெறுங்காலோடு படியேறி வந்து, விபூதி நெற்றியோடு, எதிராளியை உள்ளே தள்ள என்ன வழி என்று கேட்பார்கள். அந்த மாடியை இப்போது இடித்துக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் என் கால் தானாக அந்தப் படியைத் தேடுகிறது.

ஆஸ்பத்திரி கேஸ்காரர்கள் பெரும்பாலும் கருமாதி முடிந்த கையோடு வருவார்கள். மழித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்திருக்கும். அவர்களிடம் "எழுந்ததிலேர்ந்து சொல்லுங்க" என்பேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இல்லை, அன்று காலை கண் விழித்ததிலிருந்து. எரிச்சலாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் கேஸ் இருக்கிறதா இல்லையா என்பதில் பாதி, ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கிடைத்துவிடும்.

இதைச் சொல்வதால் நான் டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் மோர் விற்கிற ஒரு அம்மா என்னிடம் வந்தார். வலது கண்ணில் புரை. இடது கண்ணில் ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "ரெண்டும் என் கண்ணுதானே வக்கீலம்மா, எதுல பண்ணா இன்னான்னு வந்துட்டேன்" என்றார். அவர் சிரித்ததால் கூட வந்தவர்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பார்க்க நல்லபடியாக இருக்கிறார், நஷ்டம் என்ன என்று வேறொரு வக்கீல் திருப்பி அனுப்பியிருந்தார். நான் எடுத்தேன், ஜெயித்தேன். அழுகிறவருக்குக் கேஸ் இருக்கும், சிரிக்கிறவருக்கு இருக்காது என்று ஒரு விதியும் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது அந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்தக் கேஸை இல்லை. நான் எடுக்காத ஒரு கேஸை.

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். கொஞ்சம் நிலம், அதில் வேர்க்கடலை, அவர் பாஷையில் மல்லாட்டை. தன் மைத்துனரோடும், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் கலைவாணியோடும் வந்தார். அவர் மனைவி பச்சையம்மாவுக்குப் பித்தப்பையில் கல். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முன்பே, மயக்க ஊசி போட்ட சில நிமிஷத்தில் நிலைமை மோசமாகிவிட்டது. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். சாயந்திரம் போய்விட்டார். சொந்தக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது, அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை நடந்தது. நடந்து போனவளைத் துணியில் சுற்றித் தந்தார்கள் என்றார் ஏழுமலை. அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

"அந்த ஊசி போட்ட டாக்டரு இனிமே ஊசியத் தொடக் கூடாது மேடம். எனுக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"எழுந்ததிலேர்ந்து சொல்லுங்க."

முந்தின நாளே சேர்த்துவிட்டார்கள். காலையில் வேனை ஸ்டாண்டில் வேறொருவரிடம் ஒப்படைக்க அவர் போய்விட்டார். மகள்தான் கூட இருந்தாள். அவர் திரும்பி வந்தபோது நர்ஸ் ஒருவர் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பச்சத் தண்ணி பல்லுல படலம்மா" என்றார் பச்சையம்மா. அப்புறம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கலைவாணியைப் பார்த்தேன். அவள் ஜன்னலில் தெரிந்த பாதி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லும்மா" என்றேன். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம்" என்றாள்.

நான் வக்காலத்தில் கையெழுத்து வாங்கவில்லை. ஃபைலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மைத்துனருக்குக் கோபம். "வேற வக்கீலா இருந்தா இன்னேரம் நோட்டீஸ் வுட்டிருப்பாரு" என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே படி இறங்கினார். உண்மைதான். விட்டிருப்பார்கள்.

சில நாள் கழித்து, மத்தியானம், கலைவாணி தனியாக வந்தாள். தோளில் காலேஜ் பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இந்தக் கேஸு வேணாம் மேடம். அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

இருபத்து சொச்சம் வருஷம் கறுப்புக் கோட்டு போட்டவளுக்கு முதலில் தோன்றுவது சந்தேகம்தான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து யாராச்சும் வந்து பேசினாங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் அந்தப் பெண் நின்றுகொண்டே அழ ஆரம்பித்தாள்.

அன்று காலை, அப்பா ஸ்டாண்டுக்குப் போனதும், அவள் அண்ணாமலையார் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அம்மா பெயரில் அர்ச்சனை செய்து, தொன்னையில் பொங்கலோடு வந்திருக்கிறாள்.

"அம்மா மொதல்ல வேணாம்னாங்க. எதுவும் சாப்புடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடின்னாங்க. நான்தான், சாமி பிரசாதம்மா, இதெல்லாம் சாப்பாடான்னு ஊட்டி வுட்டேன். நாலு வாய் சாப்புட்டாங்க. அப்புறம் ஐசியூ வாசல்ல அங்க வேலை செய்யறவங்க ஒருத்தர், வயித்துல சோறு இருக்குது, யாரு குடுத்ததுன்னு கேட்டாங்க. எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. என் காதுல மட்டும்தான் வுழுந்துச்சு. கொன்னது டாக்டரு இல்ல மேடம். நான்."

பொங்கல் வாசம் வந்தாலே குமட்டுகிறது என்றாள். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஹாஸ்டலுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். வேறு என்னென்னவோ யோசித்திருக்கிறாள் என்பது அவள் சொல்லாமலே தெரிந்தது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள், பிள்ளைகளே. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கலாம், உயிரே போகலாம். அது எனக்கும் தெரியும். கணக்கு சரியாக இருந்தது. ஏழுமலையிடம் கேஸ் நிற்காது என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். சட்டப்படி என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள். கேஸ் போட்டாலோ, எதிர்த்தரப்பு வக்கீல் இவளைக் கூண்டில் ஏற்றி, அப்பா முன்னாலேயே, காலையில் அம்மாவுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்பார். கேட்காமல் விட்டால் அவர் வக்கீலே இல்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

"நீ சொன்னது என் வாயால உங்கப்பா காதுக்குப் போகாது. ஆனா நடந்தது அதுதான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாம அழாதே. தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அழு" என்றேன். கீழே டீக்கடையில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏறும்வரை கூடவே நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னேன். செய்தாள்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம் வந்த புது வீடுகளில் ஒன்றில், மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருந்தார். என்னைவிடப் பெரியவர். சர்வீஸ் முழுக்க அரசு ஆஸ்பத்திரி. பாதிச் சந்தேகத்தோடு எந்த ஃபைல் வந்தாலும் நான் அவரிடம்தான் ஓடுவேன். அவருக்கு ஒரு கண்டிஷன் உண்டு. கதவைத் திறக்கும்போதே கேட்பார்.

"நோட்டீஸ் வுட்டாச்சா?"

"இல்ல டாக்டரம்மா."

"அப்போ உள்ள வா."

விட்டாச்சு என்று சொன்னால் வாசலோடு சரி. குற்றம் சாட்டிய பிறகு கேட்க வருகிறவளுக்குக் காது இருக்காது, தனக்குச் சாதகமானது மட்டும்தான் விழும் என்பது அவர் கட்சி. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் யாராவது ஒருவர் அவசரமாக ஒரு காரியம் செய்துவிட்டு என்னிடம் யோசனை கேட்டு வந்தால், அந்த அம்மாவின் குரல்தான் எனக்குள் கேட்கிறது.

நான் பொங்கல் கதையைச் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நம்ம ஊர்ல இது ஜாஸ்தி. நான் சாப்பிட்டியான்னு கேக்கவே மாட்டேன். இல்லன்னுதான் சொல்வாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல, பிரசாதத்த யாரும் சாப்பாட்டுல சேக்கறது கிடையாது. கோயிலுக்குப் போனியா, இன்னா குடுத்தாங்கன்னு கேப்பேன். பட்டுனு வந்துரும்."

"அப்போ இதுதான் காரணமா?"

"அவசரத்துக்குப் பொறந்தவளே, இரு" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலை வாங்கினார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு ஒன்று கேட்டார். "புருஷன் ஐசியூவுல அவளைப் பாத்தப்போ மூஞ்சி எப்படி இருந்துச்சு? கேட்டியா?"

கேட்கவில்லை. டாக்டர் என்ன செய்தார், நர்ஸ் என்ன சொன்னார் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அங்கேயே ஏழுமலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வேன் ஸ்டாண்டில் இருந்தார். ஹாரன் சத்தம். கேள்வியைக் கேட்டதும், அவர் நடந்து ஏதோ ஒரு ஓரமாகப் போவது தெரிந்தது.

"மூஞ்சி பொதபொதன்னு வீங்கிப் போயிருந்துச்சு மேடம். கண்ணு தெறக்கவே எடமில்ல. கழுத்து, நெஞ்சு எல்லாம் செவப்பா தடிப்புத் தடிப்பா. ஏதோ கடிச்ச மாதிரி. நம்ம பச்சையம்மாதானான்னு ஒரு நிமிஷம் எனுக்கே..."

டாக்டரம்மா கையை நீட்டிப் போதும் என்றார். நான் போனை வைத்தேன்.

"சோறு நெஞ்சுல எறங்கினா உடம்பு இப்படித் தடிக்காது. இது மருந்து ஒத்துக்காம போனது. லட்சத்துல யாருக்கு வரும்னு சாமிக்கும் தெரியாது. இருந்தாலும் பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வரட்டும். நுரையீரல்ல சோறு இருக்குதா பாப்போம். அது வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட நல்லதாவும் சொல்லாதே, கெட்டதாவும் சொல்லாதே."

அந்தக் காத்திருப்புதான் என் பணிக் காலத்திலேயே கஷ்டமான காத்திருப்பு. மைத்துனர் தினம் போன் செய்து திட்டினார். நான் கலைவாணிக்குத் தினம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்க?

ரிப்போர்ட் வந்தது. வயிற்றில் கொஞ்சம் சோறு இருந்தது. மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் ஒரு பருக்கை இல்லை. குரல்வளை வீங்கியிருந்தது. டாக்டரம்மா ஆபரேஷன் அறைக் குறிப்புகளை இன்னொரு தடவை வரி வரியாகப் பார்த்தார். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். தடிப்பைப் பார்த்ததும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கிறார்கள். "நானா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன். அப்பவும் அவ போயிருப்பா. கேஸ் இல்ல, போ" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

கலைவாணியை டாக்டரம்மா வீட்டுக்கே அழைத்துப் போனேன். கையில் கிடைத்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வரைந்து காட்டினார்.

"அப்போ பொங்கல் இல்லையா டாக்டர்?"

"பொங்கல் இல்ல."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் என்மேல் எரிந்து விழுகிற மனுஷி, அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அதே குரலில் "பொங்கல் இல்லம்மா" என்று சொன்னார். கடைசியில், "உங்கம்மா விஷயத்துல இல்ல. ஆனா நாளைக்கு இன்னொருத்தருக்கு அதுவாவும் இருக்கலாம். உன்ன சமாதானப்படுத்தறதுக்காக அத மறைக்க மாட்டேன்" என்றார். அப்படி அவர் சொன்னதால்தான் முன்னால் சொன்னதையும் அந்தப் பெண் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

கேஸ் இல்லை என்று ஏழுமலையிடம் நான் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷருக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, என்ன நடந்தது என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொல்வது. அதைச் சொல்லாமல் விட்டதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. ஆஸ்பத்திரியின் வக்கீல் எனக்குத் தெரிந்தவர்தான். கூப்பிட்டேன். "கேஸே இல்லன்றீங்க, அப்புறம் எங்க டாக்டர் எதுக்கு வரணும்?" என்று சிரித்தார். "அதனாலதான் வரலாம்னு சொல்றேன்" என்றேன். அவர் போக வேண்டாம் என்று சொல்லியும், பச்சையம்மாவுக்கு ஊசி போட்ட அந்த மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசு. ஜெராக்ஸ் கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே ஏறினாராம். கடைக்காரர் அப்புறம் சொன்னார்.

ஏழுமலைக்கும் கலைவாணிக்கும் எதிரில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஏழுமலை கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"இத அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா நான் ரோட்டுல உக்காந்திருப்பனா சார்?" என்றார்.

"சொல்லியிருக்கணும்ங்க. எனக்கு உங்க முன்னால வந்து நிக்க தைரியம் இல்ல."

அப்போதுதான் கலைவாணி வாயைத் திறந்தாள். நான் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. "அப்பா, அன்னிக்குக் காலைல அம்மாவுக்கு நான் பொங்கல் ஊட்டி வுட்டேன்."

ஏழுமலை மகள் பக்கம் திரும்பினார். டாக்டர் அவசரமாக, "அதனால இல்லைங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். ஏழுமலை அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா சாப்புட்டாளா?" என்று கேட்டார்.

"நாலு வாய் சாப்புட்டாங்கப்பா. நெய் வாசம் நல்லா இருக்குதுன்னாங்க."

"அவ வெறும் வயித்தோட போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்த மனுஷர் அழுதார். மகள் எழுந்துபோய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அந்த டாக்டரும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டோம்.

கிளம்பும்போது கலைவாணி டாக்டரிடம் ஒன்று சொன்னாள். "எங்கம்மா பொய் சொல்லல சார். பிரசாதம் சாப்பாடுன்னு அவங்களுக்குத் தோணல. இனிமே சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேக்காதீங்க. பிரசாதம் சாப்பிட்டீங்களான்னும் கேளுங்க." டாக்டர் தலையாட்டினார். இந்த மாதிரித் தலையாட்டல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

இந்த வருஷம் எனக்கே குடலிறக்க ஆபரேஷன். அதே ஆஸ்பத்திரி. காலையில் என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நர்ஸ் ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயசிருக்கும், வந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டது.

"பச்சத் தண்ணி பல்லுல படலம்மா" என்றேன்.

நர்ஸ் நகரவில்லை. "கோயில் பிரசாதம் ஏதாச்சும்? பொங்கல், தீர்த்தம்?"

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தொன்னை இன்னும் அவர் பைக்குள்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தவள், சக்கரைப் பொங்கலை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சமும் உறுத்தல் இல்லாமல் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஒப்புக்கொண்டேன். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. "பிரசாதம்னு தனியா கேக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"யாரும் தனியா சொல்லலம்மா. இங்க எப்பவும் அப்படித்தான் கேப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டது. "பயப்படாதீங்கம்மா. நாளைக்கு நானே கூட இருந்து உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றது.